உப்புத் தண்ணீரும் ஆசிட் பாட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம் வட்டாரத்துக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக நடந்து, பணி ஓய்வு பெற்றவள் நான். பங்குனி நோம்பி (ஊர்த் திருவிழா) நெருங்குகிறது. ஊரெல்லாம் வெள்ளையடித்து, பாத்திரம் விளக்கி, வாசல் முதல் பொடக்காலி வரை கழுவிவிடத் தொடங்கிவிடுவோம். அந்தச் சுத்தத்தில் வீட்டுக் கழிப்பறையை நாம் கையாளுகிற விதம் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நோம்பி தொடங்கும் பூச்சாட்டுக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு மருமகள், விருந்தாளிகள் வருவதற்குள் கழிப்பறைக் கறையைப் போக்கிவிட வேண்டும் என்று ஒரு பாட்டில் ஆசிட்டைப் பீங்கானில் ஊற்றியிருக்கிறாள். பின்புறம் படிந்திருந்த கறை அசையவில்லை. உடனே அதன் மேலேயே இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, குத்தவைத்துத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறாள். நான்குக்கு மூன்றடி அறை; மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். அவளுடைய மாமியார் அலறிய சத்தம் கேட்டு நான் ஓடியபோது, அவள் துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு எடுக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்து நீர் ஒழுகியது. கழிப்பறை வாசலில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை தரையோடு தவழ்ந்தது. அவளைக் காற்றோட்டமான களத்துக்குக் கூட்டிச்சென்று முகத்தையும் கண்ணையும் நல்ல தண்ணீரால் கழுவி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஆக்சிஜன் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது. "நர்சம்மா, ரெண்டையும் சேத்துப் போட்டாச் சீக்கிரம் போயிருமுன்னு நெனச்சனுங்க" என்றாள். இதே நினைப்பில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்களோ என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

ஆசிட் என்று நாம் வாங்குவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே படைவீரர்கள் மீது ஏவிவிடப்பட்டது இதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையோடு தங்கும். குத்தவைத்துத் தேய்க்கிற பெண்ணின் முகம் இருப்பதும் அதே உயரத்தில்தான். கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றிலும் இந்த அமிலம் உண்டு என்பதால், பெயர்பெற்ற கம்பெனியின் பாட்டில்தானே என்று எண்ணி அதனோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

நம் பக்கத்தில் ஆசிட் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் நம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீட்டாருக்கு இந்தத் துன்பம் அவ்வளவாகத் தெரியாது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டு எடுக்கும் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருக்கின்றன. ஊற்றிய தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது; அதன் மேல் சிறுநீர் உப்பும் தண்ணீரில் உள்ள இரும்பும் ஏறிப் பழுப்பாகிறது. வழவழப்பான பீங்கான் இப்படிச் சொரசொரப்பானதும் கிருமிகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. நாற்றமும் அங்கிருந்துதான் வருகிறது. கறை போகவில்லை என்று செங்கல் பொடியாலும் இரும்பு நாராலும் தேய்ப்பவர்கள் பீங்கானின் மேல்பூச்சில் கீறல் போட்டு, அடுத்த மாதத்துக் கறைக்கு வழி செய்து வைக்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் கழிப்பறை வாளியில் பிடித்து வைக்கும் வீடுகளும் பெருகிவிட்டன. போர்வெல் தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். அதை ஊற்றினால், கடைசியில் ஒரு மக் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றி விடுவது நல்லது.

தண்ணீரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கழிப்பறையைத் தொடக் கூசுகிற வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்தோம். பிறகு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்தது. 2014 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்துக் கட்டவும் செய்தார்கள். கட்டிடம் வந்த அளவுக்கு மனம் மாறவில்லை. தினமும் கைவைக்கக் கூசி, மாதம் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று ஆசிட்டை ஊற்றிவிட்டு ஓடி வருகிறோம். நம் கை செய்ய வேண்டிய வேலையை ஆசிட் செய்யட்டும் என்று விடுகிறோம். அந்த வேலையும் வீட்டில் இளைய மருமகளின் தலையில்தான் விழுகிறது.

நான் வீடுகளில் சொல்லி வந்த முறை மிக எளியது. பயன்படுத்தும் முன் அரை மக் தண்ணீர் ஊற்றிப் பீங்கானை நனைத்துவிட்டால் எதுவும் ஒட்டாது. இரவு படுக்கப் போகும்முன், சிறிது சோப்புத்தூள் போட்டு நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் தேய்த்தால் உப்பு கெட்டிப்பட நேரமே இருக்காது. மேல்நாட்டுக் கோப்பையானால் விளிம்பின் அடிப்பகுதியை விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளையத்தில்தான் அழுக்கு சேர்கிறது. ஏற்கெனவே படிந்த கறைக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் குத்தித் தள்ளிக் குறைத்த பின், இரவில் ஊற்றி விட்டுவிடலாம். காலையில் தேய்த்தால் உப்பு இளகி வரும். பல ஆண்டுக் கறையானால் மூன்று நான்கு இரவுகள் பிடிக்கும். எலுமிச்சை உப்பும் அமிலமே. அதோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. சிமென்ட் இணைப்பையும் குழாயையும் அரிக்கிற ஆசிட்டுக்கு இதன் பிறகு வேலை இருக்காது.

பிளீச்சிங் பவுடருக்கு வேறு வேலை உண்டு. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ டைபாய்டோ வந்தால், தேய்த்து நன்றாகக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பொட்டலத்தைத் திறந்து போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதன் வீரியம் போய்விடும். அப்புறம் அது வெறும் சுண்ணாம்புதான்.

பீங்கான் பளபளக்கும் வீடுகளிலும் மக்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே பாசி வழுக்கும். கைப்பிடியின் உட்புறத்தில் விரல் படுகிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். கழுவிய கையும் கழுவாத கையும் மாறி மாறிப் படுகிற இடங்கள் அந்த மக்கும், குழாய்த் திருகும், கதவுத் தாழ்ப்பாளும்தான். குடற்புழு முட்டையும் மஞ்சள் காமாலைக் கிருமியும் இவற்றிலிருந்தும் குழந்தையின் வாய்க்குப் போகலாம். குடற்புழு மாத்திரையை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள் நான். தாழ்ப்பாளைக் கழுவாத வீட்டில் அடுத்த முறையும் அதே பிள்ளைக்குத்தான் புழு இருந்தது. சுத்தம் செய்யும்போது முதலில் தாழ்ப்பாள், குழாய், மக், வாளி, கடைசியில் பீங்கான் என்ற வரிசையில் போக வேண்டும். பிரஷ்ஷைத் தண்ணீர் தேங்கிய டப்பாவில் ஊற வைக்காமல் அலசி வெயிலில் காயவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதால் கையை 20 நொடியாவது தேய்த்துக் கழுவப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். தரையையும் ஈரமில்லாமல் தள்ளிவிட்டால் பெரியவர்கள் வழுக்கி விழாமல் இருப்பார்கள்.

திருப்பூரில் ஆறு ஏழு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை என்று விட்டிருக்கும் லைன் வீடுகளின் நிலை தனி. கழிப்பறை மோசமாக இருப்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பனியன் கம்பெனிக்குப் போய், நீர்க்கடுப்போடு திரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் அங்கே ஒரு விளக்கும், உள்தாழ்ப்பாளும், ஒழுங்காக வரும் தண்ணீரும், ஒரு பிரஷ்ஷும் வைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். முறைவைத்துக் கழுவுவதில் ஆண்களின் பெயரும் இருக்கட்டும்.

செப்டிக் டேங்கைப் பற்றி ஒன்று. அதற்குள் கழிவைச் செரிப்பவை காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள். பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பினாயிலும் ஊற்றினால் அவை செத்து, குழி சீக்கிரம் நிரம்பும். "எங்க குழி இருவது வருசமா நெறையவே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அடிப்பகுதி பூசாமல் விட்ட குழியிலிருந்து கழிவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதே அதன் பொருள். நம்முடையது பாறை பூமி; விரிசல் வழியே அது பக்கத்து போர்வெல்லுக்கே போய்ச் சேரலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் உள்ளே ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளிருக்கும் நச்சு வாயு நொடியில் உயிரைக் குடிக்கும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டிவிட்டால் அங்கிருந்து கிளம்பும் கொசுவும் குறையும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் எங்கள் தெருக்களில் மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டி வருபவர்கள் பழைய குளிர்பானப் பாட்டிலில், லேபிள் கூட ஒட்டாமல், ஆசிட்டை விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்று அந்த மருமகள் ஊற்றியதும் அப்படி வாங்கியதுதான். அவள் வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். குளிர்பானப் பாட்டில் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளாட்சி அமைப்புகளும் சுகாதாரத் துறையும் இந்த விற்பனையைத் தடுக்க வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பூச்சாட்டுக்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழும் அதற்குள் இதை வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.