ஒரு கதவு கெட்டால் நாலு கதவையுமா மாற்றுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. போன வாரம் அம்மாவை எங்கள் காரில் ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பினால் மூன்று கதவு டக்கென்று திறந்தது, அம்மா உட்கார்ந்திருந்த இடதுபக்கப் பின்கதவு மட்டும் உள்ளே டர்ர் என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. லாக் குமிழைக் கையால் இழுத்தாலும் வரவில்லை. முழங்கால் வலியோடு அம்மா சீட்டில் நகர்ந்து நகர்ந்து, பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டுப் பக்கமாக இறங்கினார்.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஆக்சுவேட்டர் (கதவு லாக்கை இழுத்துத் தள்ளும் சின்ன மோட்டார்) போய்விட்டது, தனியாகக் கிடைக்காது, நாலு கதவுக்கும் செட்டாகத்தான் போட வேண்டும், 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள். எங்கள் வண்டியில் இருப்பது, வண்டி வாங்கிய பிறகு தனியாக மாட்டிய சென்ட்ரல் லாக், அதாவது ஒரே சாவியில் நாலு கதவையும் பூட்டித் திறக்கும் அமைப்பு. இரண்டு கடை தள்ளி அதே சாமானை ஒற்றையாக 280 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்! இந்த வகையில் பெரும்பாலும் டிரைவர் கதவுக்கு ஐந்து ஒயர், மற்றவற்றுக்கு இரண்டு, அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

வீட்டுக்கு வந்து குமிழை விடாமல் ஆட்டி ஆட்டித்தான் கதவைத் திறந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கைப்பிடி ஸ்க்ரூக்களை எடுத்தேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கிளிப் ஒளிந்திருக்கும், பழைய துணியை அந்த இடுக்கில் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் தெறித்து வரும், ஒரு கையால் பொத்திக்கொள்ள வேண்டும். அப்புறம் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடை ஓரத்தில் நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒயர்கள் சேரும் கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மணலும் துருவும் அடைத்து, உப்புத் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது.

புதியதை மாட்டும் முன் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். கம்பி வெளியே வந்தது, ஒயரை மாற்றித் தொட்டதும் உள்ளே போனது. அதிக நேரம் பிடித்தால் மோட்டார் சூடாகிவிடும். ஆக்சுவேட்டர் கம்பி லாக் கம்பியோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் சிக்கும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் இறங்கும் கண்ணாடியில் இடிக்கும், அதனால் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே பேடை மூட வேண்டும். ஒயரைக் கனெக்டருக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்காது. டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டினேன். இரண்டரை மணி நேர வேலை. கதவுக்குள் ஏர்பேக் சென்சார் உள்ள புது வண்டிகளில் மட்டும் தெரியாமல் கைவைக்க வேண்டாம்.

பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். அரிச்சல்முனை வரை போய்வரும் வாடகை வண்டிகளுக்கு இது தினப்பாடு. தனியாகக் கிடைக்கும் சாமானைக் கிடைக்காது என்று சொல்லி செட்டாக விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும், வண்டி சர்வீஸுக்கு வரும்போது அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிட வேண்டும், இரண்டு நிமிட வேலைதான். உங்கள் நாளிதழில் இதுபோன்ற சிறு பழுதுகளைப் படத்தோடு வாரம் ஒன்றாக வெளியிடுங்கள் ஐயா, வாடைக்காற்று தொடங்கும் முன்பே வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்