வார நாட்களிலும் ஆலயக் கூடம் திறந்திருக்க: நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், ஆலயத்தைச் சுற்றி வாழும் நண்பர்களுக்கும் சமூக ஊழியக் குழுவின் அன்பின் வாழ்த்துகள்.

நம் ஆலயத்தின் பக்கக் கூடம் ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் பூட்டப்படுகிறது. அடுத்த ஞாயிறுவரை பெஞ்சுகளில் தூசிதான் படிகிறது. வெளியே மதில் சுவரை ஒட்டிய விளக்கடியில், புத்தகப் பையையே மேசையாக்கிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அவர்களில் பலர் நம் சபைப் பிள்ளைகள் அல்ல. அந்தக் கூடத்தை அவர்களுக்கும், தனித்து வாழும் முதியோருக்கும், மனபாரத்தோடு தவிக்கிறவர்களுக்கும் வாரம் முழுவதும் திறந்து வைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது.

'முதலில் நம் சபையாரைப் பார்ப்போமே' என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சபைக்குள் கஷ்டப்படுகிறவர்களுக்கான உதவி நிதி தனியே தொடரும். அதில் கை வைக்க மாட்டோம். ஆனால் ஆண்டவர் சொன்ன உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்தவன் அவனுடைய இனத்தான் அல்ல, சமாரியன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபமும் அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடச் சொல்கிறது (எரேமியா 29:7). அக்கம்பக்கத்தாரின் நலனை விட்டுவிட்டு நம் ஊழியம் நிறைவேறாது என்பது குழுவின் உறுதியான எண்ணம்.

ஆதித் திருச்சபையும் இப்படித்தான் வாழ்ந்தது. கி.பி. 252 வாக்கில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, சற்று முன்புவரை தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவும்படி ஆயர் சிப்ரியான் சபையை ஏவினார். கிறிஸ்தவத்தை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன், 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள் என்று ஆதங்கப்பட்டார். எதிரி வாயால் கிடைத்த சாட்சி அது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அண்மைக்கால நிகழ்வு ஒன்று. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற குருவானவர், தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்கள் அழைப்பதற்காகத் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். நேரில் வந்து காத்திருப்போருக்குப் பேச்சுத்துணையாகத் தன்னார்வலர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே பலருடைய பாரம் இறங்கிவிடுவதை, அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போவதை, வாரா கண்டார். 'சமாரிட்டன்ஸ்' என்ற தொண்டு அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். பொறுமையாகக் காது கொடுக்கும் மனிதர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி அளித்து, கூடத்தின் ஓரத்தில் தடுப்புச் சுவரோடு ஒரு சிறு அறை அமைக்க விரும்புகிறோம். மருத்துவ உதவி தேவைப்படுவோரை உரிய மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வருகிறவர்களிடம் மதம் கேட்க மாட்டோம். ஆராதனைக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நம் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வோம். உதவியைத் தூண்டிலாக்க மாட்டோம்.

இனி செலவு. கூடத்து வாசலில் உள்ள படிகளில் கைத்தடி ஊன்றும் முதியவர் ஏற முடியாது, சக்கர நாற்காலி அறவே ஏறாது. எனவே முதல் வேலை சாய்தளமும், கைப்பிடி வைத்த கழிப்பறையும். அடுத்து படிப்பு மேசைகள், விளக்குகள், அந்தத் தடுப்பு அறை. இவை ஒருமுறைச் செலவு. கூடத்தைத் திறந்து, சுத்தம் செய்து, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். ஊழியம் என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆகவே ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட, சிறு தொகையானாலும் மாதந்தோறும் தருவதாக வாக்களிப்பவர்களே எங்களுக்கு அதிகம் தேவை.

நன்கொடையை ஆலய அலுவலகத்தில் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். காணிக்கைக் கணக்கோடு கலக்காமல் இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைக்கப்படும். வரவு செலவு விவரம் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆண்டு இறுதியில் தணிக்கை உண்டு. பெயர் வெளியிட வேண்டாம் என்பவர்கள் சொன்னால் போதும்.

பணம் தர இயலாதவர்கள் தயங்க வேண்டாம். கணக்குச் சொல்லித்தர ஒரு மாலை, முதியோரோடு பேசியிருக்க ஒரு முற்பகல் கொடுத்தாலும் பெரிய உதவி. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் ஆராதனை முடிந்ததும் எங்களைச் சந்தித்துப் பெயர் கொடுக்கலாம். சாய்தளத்துக்கும் கழிப்பறைக்குமான தொகை சேர்ந்தவுடனே வேலையைத் தொடங்கிவிடுவோம். மற்றவற்றுக்காகக் காத்திருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
சமூக ஊழியக் குழு