காரணத்தையும் கடைசி நாளையும் சேர்த்தே சொல்லுங்கள்

அடுத்த பெருந்தொற்றுக்கான விதிகளை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் எங்கள் வட்டாரத்தில் ஒரு கலந்துரையாடல் நடந்தது. இன்னொரு கிருமித்தொற்று வந்தால் சிங்கப்பூர் எப்படிச் சமாளிக்கும் என்று விளக்க உங்களில் ஒருவர் வந்திருந்தார். பொறுமையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். கொவிட் காலக் கட்டுப்பாடுகளை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த முறையும் அந்த ஒத்துழைப்பு கிடைக்கும் என்றார். அந்த மக்களில் தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களும் சேர்த்தியா என்று கேட்டேன். "அது தனி விஷயம், அதைப் பார்க்கத் தனிக் குழு இருக்கிறது" என்றார். அதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

தனி விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். இனி எந்தக் கட்டுப்பாடு போட்டாலும், அது எதற்காக, எது வரைக்கும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், விடுதியில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் ஏன் கட்டுப்பட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கடைகளையும் மறுநாள் பள்ளிகளையும் மூடியபோது, மே 4 வரை என்று நாள் குறித்தீர்கள். அது போதாது என்றானதும் ஜூன் 1 வரை நீட்டித்தீர்கள். நீட்டித்தபோது பிரதமரே தொலைக்காட்சியில் வந்து ஏன் என்று விளக்கினார். மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பது மற்ற நாடுகளைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்தது. அதனால்தான் இறுதிச்சடங்குக்குப் பத்துப் பேர் என்றபோது, யாரை வர வேண்டாம் என்று சொல்வது என்று குடும்பத்துக்குள்ளேயே அழுது முடிவெடுத்தோம். 2021, 2022 தைப்பூசங்களில் காவடி ஊர்வலம் இல்லை என்றபோது பால்குடத்தோடு நிறுத்திக்கொண்டோம். முகக்கவசம் போடாவிட்டால் முதல் தடவைக்கே 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம்.

விடுதிகளுக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு விடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவித்தீர்கள். சில நாள்களில் மற்ற விடுதிகளும் மூடப்பட்டன. உள்ளே மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அறைக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்குக் கட்டில், பொதுக் கழிவறை, பொதுச் சமையலறை. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அப்போது மூடியதற்குக் காரணம் இருந்தது. மருத்துவக் குழுக்களை உள்ளேயே அனுப்பினீர்கள், சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை, உயிரிழந்தவர்கள் மிகச் சிலர்தான். இதற்கெல்லாம் நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை.

என் கேள்வி அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியது. 2020 டிசம்பரில் நீங்களே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. 2021இல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. பிறகும் கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. வாரத்துக்கு 500 பேர், குறித்த இடத்துக்கு மட்டும், நான்கு மணி நேரம். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் அவர்கள் இறங்கியது அன்றைக்குச் செய்தியானது. ஒரு மனிதன் தேக்காவுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுக் காய்கறி வாங்கியது செய்தி! அக்டோபர் கடைசியில் நாளுக்கு 3,000 பேர் என்றானது. லட்சக்கணக்கானோரில் 3,000.

என் சித்தப்பா மகன் அந்த லட்சத்தில் ஒருவன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவன், துவாஸ் பக்கம் விடுதி. கொவிட்டுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அண்ணி வைக்கும் குழம்பைச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு விளையாடி, இரவு விடுதிக்குத் திரும்புவான். அது நின்றது. வேலை தொடங்கிய பிறகும் காலையில் லாரி, வேலையிடம், மாலையில் லாரி, விடுதி. வேலையிடத்துக்குப் போகலாம், ஈசூனுக்கு வரக்கூடாது. வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்துப் பார்த்தான். இடம் நிரம்பிவிட்டது என்று வரும், இல்லையென்றால் கிடைத்த நாளில் அவனுக்கு வேலை இருக்கும்.

2021 நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணத்தடத்தில் சென்னைக்கு விமானம் விட்டீர்கள். டிசம்பரில் நான் ஊருக்குப் போனேன். சித்தியைப் பார்க்கப் போனபோது காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்களுக்குள்ள எதுவும் மனஸ்தாபமாப்பா? ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு தீபாவளிக்கும் அவன் உன் வீட்டுப் படி ஏறலையாமே."

அனுமதி கிடைக்கவில்லை சித்தி என்றேன். அவர் நம்பவில்லை. எந்தத் தாய் நம்புவாள்? கடல் தாண்டி நான்கு மணி நேரம் பறந்து நான் வந்து நிற்கிறேன். அவனோ எம்ஆர்டி ரயில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. சொல்லப்போனால் முறை வைத்து அடிக்கடி பரிசோதனை நடந்தது அவனுக்குத்தான், எனக்கு இல்லை. வீட்டுக்கு ஐந்து விருந்தினர் வரலாம் என்று அனுமதித்திருந்த நேரம் அது. அந்த ஐந்து பேரில் ஒருவனாக என் தம்பி ஏன் வர முடியாது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்திருக்கலாம். இருந்தால் அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? அவன் தொலைபேசியில் என்னிடம் கேட்டதெல்லாம் "என்னைக்குண்ணே விடுவாங்க?" என்பதுதான். ஏன் என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டான்.

2022 ஏப்ரல் 26ஆம் தேதி எங்களுக்குக் கூட்டக் கட்டுப்பாடு முழுவதுமாகப் போனது. வெளியேற அவர்கள் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு ஜூன் 24ஆம் தேதி வரை இருந்தது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போகத் தனியாக ஓர் அனுமதி வேண்டியிருந்தது. இதையும் சேர்த்துத்தான் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்கிறீர்கள். யார் ஏற்றுக்கொண்டது? வலி குறைவாக இருந்த நாங்கள். ஏற்காவிட்டால் வேலை அனுமதி போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்களையும் உங்கள் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

எங்களிடம்கூட எல்லாக் காரணமும் ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் உணவகத்தில் ஒரு மேசைக்கு எட்டுப் பேர் ஐந்தானது, பிறகு உட்கார்ந்து சாப்பிடவே கூடாது என்றானது, பிறகு இரண்டு, ஐந்து, மறுபடி உட்காரவே கூடாது. கோப்பிக் கடைக்காரர் நாற்காலிக்கு ஒட்டுநாடா போடுவதும் பிய்ப்பதுமாகவே இருந்தார். உணவகங்களில் பாட்டுப் போடக்கூடாது என்றீர்கள், பாட்டுச் சத்தத்தில் மக்கள் உரக்கப் பேசுவார்களாம். கோப்பிக் கலக்குபவர் கடையின் அந்தக் கோடியிலிருந்து "கோப்பி ஓ கோசோங்!" (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி) என்று கூவலாம், இளையராஜா மட்டும் மெல்லப் பாடக்கூடாது. நோயாளியோடு யார் யார் பழகினார்கள் என்று கண்டறியச் செயலியாகவும் கையடக்கக் கருவியாகவும் கொடுத்த டிரேஸ்டுகெதர் விவகாரமும் இருக்கிறது. தொற்றுத் தொடர்பின் தடமறிய மட்டும்தான் என்று சொல்லி வாங்கிய தகவலைக் காவல்துறையும் எடுக்க முடியும் என்பதை 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில்தான் தெரிந்துகொண்டோம். அடுத்த மாதமே சட்டம் போட்டு ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு என்று வரம்பு கட்டினீர்கள். அந்த வரம்பை முதல் நாளே கட்டியிருந்தால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தக் கருவியை அலமாரிக்குள் போட்டு வைத்திருக்க மாட்டார்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போகிறேன். மன்னியுங்கள்.

2023 மார்ச்சில் நீங்கள் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை வாசித்தேன். விதிகளை அளவுக்கு மீறி நுணுக்கிவிட்டதாகவும், விடுதித் தொற்றுக்கு இன்னும் நன்றாகத் தயாராக இருந்திருக்கலாம் என்றும் அதில் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி எழுதுகிற அரசாங்கங்கள் அதிகமில்லை. புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்றாகியிருக்கிறது, பழைய விடுதிகளையும் 2030க்குள் மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று விதி எழுதத் தெரிந்த உங்களுக்கு, ஓர் அடைப்பு எத்தனை நாள் என்று எழுதுவது கடினமா?

அறிவிப்பின் அடியில் இரண்டு வரி போதும். இந்தக் காரணத்துக்காக இந்தக் கட்டுப்பாடு. இந்த நாளோடு முடிகிறது. நோய் எப்போது அடங்கும் என்று யாருக்கும் தெரியாது, நாள் குறிக்க முடியாது என்பீர்கள். அப்படியானால் எது நடந்தால் விலக்குவீர்கள் என்று சொல்லுங்கள்: இத்தனை பேருக்குத் தடுப்பூசி, மருத்துவமனையில் இத்தனை படுக்கை காலி, ஏதோ ஒன்று. நீட்டிக்க வேண்டுமா, நீட்டியுங்கள், ஆனால் பழைய காரணத்தையே மறுபடி ஒட்டாமல் புதிதாகச் சொல்லுங்கள். பொதுமக்களுக்கும் விடுதிக்கும் வெவ்வேறு விதி என்றால், அந்த வேறுபாட்டுக்கும் ஒரு காரணம், ஒரு கடைசி நாள் வேண்டும். அதைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி விடுதி வாசலில் ஒட்டுங்கள். முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அவர் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

புதிய விதிகளின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு விடும்போது, ஒரு பிரதியை விடுதிகளுக்கும் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரு கூட்டம் போடுங்கள், மற்ற நாள்களில் அவர்களுக்கு வேலை இருக்கும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவன்