முதலில் சிறிய வீட்டைக் காட்டுங்கள், அப்புறம் காசைக் குறையுங்கள்

மாண்புமிகு வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வீடுகளிலும் ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமற்ற வீட்டுச் சங்க) வீடுகளிலும் குடியிருந்து, வாடகைக்கு அரசு உதவி பெறும் மக்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டனில் வாழும் தமிழர்களுக்கு அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து விளக்கிச் சொல்லும் வேலையைத் தன்னார்வமாகச் செய்துவருகிறேன். அதில் ஒரு வகைக் கடிதத்தை மட்டும் எத்தனை முறை படித்துச் சொன்னாலும் என் மனம் ஒப்புவதில்லை. வீட்டில் தேவைக்கு மேல் படுக்கையறை இருக்கிறது, ஆகவே உதவித்தொகை குறைக்கப்படுகிறது என்று சொல்லும் கடிதம் அது.

மக்கள் இதை பெட்ரூம் டாக்ஸ் என்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டப்படி 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓர் அறை கூடுதல் என்றால், உதவிக்காகக் கணக்கில் எடுக்கப்படும் வாடகையில் 14 சதவீதம் வெட்டு. இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம். வாரம் 120 பவுண் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு வாரம் 16 பவுண் 80 பென்ஸ் போகிறது. வருடத்துக்கு 870 பவுணைத் தாண்டும். நோயாளியோ, வேலை இழந்தவரோ, குறைந்த சம்பளக்காரரோ இந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்? சாப்பாட்டிலும் ஹீட்டிங்கிலும்தான் கை வைக்கிறார்கள். அதுவும் முடியாதபோது வாடகை பாக்கி ஏறுகிறது.

இடநெருக்கடியில் தவிக்கும் குடும்பங்களுக்குப் பெரிய வீடுகள் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன். ஆனால் ஒருவர் பெரிய வீட்டைக் காலி செய்ய, அவர் போவதற்குச் சிறிய வீடு ஒன்று இருக்க வேண்டுமே. அது பல ஊர்களில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கவுன்சில்கள் குடும்பங்களை நினைத்து இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகளைத்தான் அதிகம் கட்டின. 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் குடியிருப்பவர்களுக்கே வீட்டை விற்க வழி செய்தது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் போதிய அளவில் புதியவை கட்டப்படவில்லை. இந்த நிலைக்குக் காரணம் குடியிருப்பவர் இல்லை. அவருக்கு அந்த மூன்று அறை வீட்டை ஒதுக்கிக் கொடுத்ததே கவுன்சில்தான்.

என் முறையீட்டின் மையம் இதுதான். சிறிய வீட்டுக்கு மாறத் தயார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு, வாராவாரம் இணையத்தில் வீடு தேடிக்கொண்டிருக்கிறவருக்கும் அதே 14 சதவீதம் வெட்டப்படுகிறது. ஒருவர்கூட அவருக்கு வேறு வீடு காட்டியிருக்க மாட்டார்கள். செய்யச் சொன்னதை எல்லாம் செய்தவரை எதற்காகத் தண்டிக்கிறோம்? பொறுக்க முடியாமல் அவர் தனியார் வாடகை வீட்டுக்குப் போனால் அங்கே வாடகை பெரும்பாலும் அதிகம். அந்த வாடகைக்கும் அரசுதான் உதவி கொடுக்க வேண்டும். அரசின் செலவு கூடத்தான் செய்யும்.

எந்த அறை தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்யும் விதிகளையும் பாருங்கள். 10 வயதுக்குக் கீழ் உள்ள அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ ஓர் அறையில் படுக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு அறை போதும் என்கிறது விதி. மூன்றாவது அறைக்கு வெட்டு. மகளுக்குப் பத்து வயது ஆனதும் அதே அறை அவசியமான அறை ஆகிவிடும். அதற்கு முன் அந்தக் குடும்பம் சொன்னபடி கேட்டுச் சிறிய வீட்டுக்கு மாறியிருந்தால், மகளின் பத்தாவது பிறந்தநாளன்று மறுபடி பெரிய வீட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் மாற்றி, சாமான் ஏற்றி இறக்கி, எல்லாம் ஒன்றிரண்டு வருடத்துக்காக.

பெற்றோர் பிரிந்துவிட்ட குடும்பங்களில், பிள்ளைகள் வார இறுதியில் அப்பாவிடம் வந்து தங்குகிறார்கள். பிள்ளைகள் வழக்கமாக வாழ்வது அம்மாவோடு என்றால், அப்பா வீட்டில் பிள்ளைகள் படுக்கும் அறை கூடுதல் அறை. பிள்ளைகளை அழைப்பதை நிறுத்துவதா, வெட்டைத் தாங்குவதா என்று அந்த அப்பா யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சமூகத்தைக் குறிப்பாகத் தாக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு இந்த வெட்டு இல்லை, சரி. ஆனால் 2019 மே 15 முதல், கணவன் மனைவியில் ஒருவர் அந்த வயதுக்குக் கீழே இருந்தாலும், புதிதாக விண்ணப்பிப்பவர்கள் யூனிவர்சல் கிரெடிட் என்ற, வேலை செய்யும் வயதினருக்கான உதவித் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வெட்டு உண்டு. இலங்கையிலிருந்து வந்த எங்கள் தம்பதிகளில் பத்து வயது வித்தியாசம் அதிசயம் இல்லை. கணவருக்கு 68, மனைவிக்கு 57 என்று இருப்பவர்கள், பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு இன்னும் பல வருடங்களுக்கு இந்த வெட்டோடு வாழ வேண்டும்.

இதைவிட வேதனையானது சாவு நடந்த வீடு. ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவியில், வீட்டில் ஒருவர் இறந்தால் ஒரு வருடம் வரை அவருடைய அறைக்கு வெட்டு வராமல் இருந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த அவகாசம் மூன்று மாதம்தான். எங்கள் வழக்கத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி, வருடம் முடிய ஆண்டுத் திவசம். இறந்துபோன பிள்ளையின் உடுப்புகளை அலமாரியிலிருந்து எடுக்கக்கூட ஒரு தாய்க்கு மனம் வராத அந்த நேரத்தில், அறைக்கான காசு பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதை விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரு வருடம் கொடுக்க முடிந்த அரசு அதை ஏன் மூன்று மாதமாக்கியது?

ஊனமுற்றோர் விஷயத்தில் நீதிமன்றம் போய்த்தான் நியாயம் வாங்க வேண்டியிருந்தது. உடல்நிலை காரணமாகக் கணவனோடு ஒரே கட்டிலில் படுக்க முடியாத ஒரு பெண்ணும், இரவில் பராமரிப்பாளர் தேவைப்படும் ஒரு பேரனை வளர்த்த தாத்தா பாட்டியும் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். வன்முறைக்குத் தப்பிய ஒரு பெண்ணின் வீட்டில் பாதுகாப்பு அறை அமைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அறை கூடுதல் என்று காசை வெட்டினார்கள். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019 அக்டோபரில் தீர்ப்புப் பெற்றார். விதி மாறியது 2021 அக்டோபரில். வீட்டில் டயாலிசிஸ் இயந்திரம் வைத்திருப்பவரின் அறைக்கு இன்றும் தானாக விலக்கு இல்லை. ஒவ்வொரு நோயாளியும் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா?

கவுன்சில்கள் விருப்புரிமையில் கொடுக்கும் சிறப்பு உதவி இருக்கிறதே என்று உங்கள் துறை வழக்கமாகப் பதில் சொல்கிறது. அது உரிமை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும். முடிந்ததும் வரவு செலவு விவரம் எல்லாம் எழுதி மறுபடி கேட்க வேண்டும். நிலையாக நோயில் இருக்கும் ஒருவரைத் திரும்பத் திரும்ப விண்ணப்பம் போட வைப்பது அவரது மானத்தைத் தேய்க்கிறது. ஸ்காட்லாந்து அரசு இந்த வெட்டை ஈடுசெய்கிறது. வட அயர்லாந்திலும் ஈடுசெய்கிறார்கள். கிளாஸ்கோவில் இருப்பவர் கட்ட வேண்டாத காசை லிவர்பூலில் இருப்பவர் ஏன் கட்ட வேண்டும்?

அமைச்சர் அவர்களே, உங்கள் லேபர் கட்சிக்கு இது புதிய விஷயம் இல்லை. 2013 செப்டம்பரில் அன்றைய தலைவர் எட் மிலிபாண்ட் இதை ஒழிப்போம் என்று வாக்குக் கொடுத்தார். 2014 செப்டம்பர் 5 அன்று லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஆண்ட்ரூ ஜார்ஜ் கொண்டுவந்த மசோதா, பொருத்தமான மாற்று வீடு காட்டப்படாதவருக்கு வெட்டுக் கூடாது என்றது. நாடாளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் 306க்கு 231 என்று வென்றது. உங்கள் கட்சியினர் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். மசோதாவின் செலவுக்கு அனுமதி தரும் நிதித் தீர்மானத்தை அன்றைய அரசு கொண்டுவராததால் அது அப்படியே நின்றுபோனது. இப்போது ஆட்சி உங்களிடம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவி இல்லை என்ற வரம்பை நீக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் அரசு அறிவித்தது. அதற்கு மனதார நன்றி சொல்கிறேன். அந்த நன்றியோடுதான் இதையும் கேட்கிறேன்.

இந்த வெட்டை முழுதாக நீக்க வேண்டும். அதற்குக் காலம் ஆகும் என்றால், அதுவரை, சிறிய வீட்டுக்குப் பதிவு செய்து இன்னும் பொருத்தமான வீடு கிடைக்காத எவருக்கும் வெட்ட வேண்டாம். சாவு நடந்த வீட்டுக்கு யூனிவர்சல் கிரெடிட்டிலும் ஒரு வருடம் கொடுங்கள். மருத்துவ உபகரணம் வைத்திருக்கும் அறையைத் தேவையான அறை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். எத்தனை அறை தேவை என்பது உங்கள் துறையின் ஒழுங்குவிதிகளில்தான் இருக்கிறது. 2021இல் பாதுகாப்பு அறை வீடுகளுக்கு விலக்குக் கொடுத்ததும் ஒழுங்குவிதியைத் திருத்தித்தான். புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எந்தத் தேதிக்குள் திருத்துவீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு தமிழ்த் தன்னார்வலர்