‘கோமாளிகள்’ காட்டிய கொழும்பைத் திரையில் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்கு ஹட்டனிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகளுடன் கடந்த மாதம் கொழும்புத் திரையரங்கொன்றில் தமிழகத்து நகைச்சுவைப் படமொன்றைப் பார்த்தேன். இடைவேளையில் அவள், “பெரியம்மா, சிலோன்காரங்கன்னா நம்ம பேசுற மாதிரி பேசுற ஆளு ஒரு படத்துலயும் வர்றதில்லையே” என்றாள். அதற்கான காரணத்தைச் சில நாட்களாக யோசித்ததன் விளைவே இக்கடிதம்.

தமிழகத்து வெகுசனப் படங்களில் இலங்கைத் தமிழர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சுத்தான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் ஏற்ற அகதிப் பாத்திரத்தின் பேச்சும், எதைக் கண்டாலும் நடுங்கும் அதன் பயமும் சேர்ந்தே அரங்கைச் சிரிக்க வைத்தன. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியால் சென்னைக்குச் சென்ற குடும்பம் தன் பேச்சை அயலவரிடம் மறைக்கப் படும் பாட்டிலிருந்து சிரிப்பை எடுத்தது. பேச்சைக் கேலி செய்யாமல், அதை ஒளிக்க வேண்டியிருக்கும் நிலைமையைக் கேலி செய்ததால் அதை நல்ல முன்னேற்றமாகவே கருதுகிறேன். ஆயினும் அங்கும் ஒலித்தது அதே ஒரு தமிழ்தான். எங்கள் மலையகப் பேச்சு தமிழகத்தாரின் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. 1823இலிருந்து தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த எங்களிடம் வேடிக்கையான ‘சிலோன் தமிழ்’ இல்லாததால் நகைச்சுவைப் படத்துக்கு நாங்கள் தேவைப்படுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கேலிக்குக்கூட அழைக்கப்படாமல் இருப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே.

இதை நாம் ஒரு காலத்தில் வேறு விதமாகச் செய்திருக்கிறோம். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற இலங்கை வானொலித் தொடரிலிருந்து உருவாகி 1976இல் திரைக்கு வந்த ‘கோமாளிகள்’ படத்தில் மரிக்கார் என்ற முஸ்லிமாக ராமதாஸும், உபாலி என்ற சிங்களவராகச் செல்வசேகரனும், அப்புக்குட்டியாக ராஜகோபாலும், ஐயராக அப்துல் ஹமீதும் தத்தம் பாத்திரத்துக்குரிய தமிழைப் பேசினார்கள். ஒரு முஸ்லிம் ஐயராகவும் ஒரு தமிழர் மரிக்காராகவும் வாயாடிய அந்தக் கூட்டணியை, நான் குடியிருக்கும் கொட்டாஞ்சேனையின் எந்தச் சந்தியிலும் இன்றும் காணலாம். உபாலியின் சிங்களம் கலந்த தமிழுக்குச் சிரித்தோம் என்பது உண்மை. ஆனால் அவர் பதிலடி கொடுக்கும்போதும் சிரித்தோம். அந்த நான்கு பாத்திரங்களில் பெண்ணும் இல்லை, மலையகத்தவரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிங்கள நகைச்சுவைகளில் தமிழர் வடை விற்பவராக வந்து கொச்சைச் சிங்களம் பேசிவிட்டுப் போவதைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், யூடியூப்பில் வெளியிடும் நம் குறும்படங்களில் சிங்களப் பொலிஸ்காரரையும் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்ணையும் அதே விதமாகத்தான் நடத்துகிறோம். கறுப்பு நிறம், பருத்த உடல், திருநங்கையரின் நடை ஆகியவற்றை வைத்துச் செய்யப்படும் நகைச்சுவைகளைப் பற்றி முன்னரே பலர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

எவரையும் கேலி செய்யக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் நகைச்சுவையே மிஞ்சாது. வீட்டு வேலைக்கு வரும் அந்தத் தோட்டத்துப் பெண் ஒரு காட்சியிலாவது முதலாளியம்மாவை மடக்கிப் பேசட்டும், அரங்கு அவளோடு சேர்ந்து சிரிக்கட்டும் என்றே கேட்கிறேன். தங்கள் வாரஇறுதிச் சினிமாப் பக்கத்தில் நாயகனின் சம்பளத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை உள்ளூர்க் குறும்படங்களின் விமர்சனத்துக்கு ஒதுக்கி, அவற்றில் யார் யாருடைய தமிழ் ஒலிக்கிறது என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.