திருகோணமலையில் தாவரவியற் பூங்கா அமைக்க நினைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

பூங்கா என்றதும் பேராதனைக்குப் போய்ப் பார்த்துவந்து வரைபடம் போடுவது நம்மவர் வழக்கம். அது 147 ஏக்கர், மகாவலி வளைத்தோடும் ஈரநிலம். நமக்கோ மழையில் பெரும்பங்கு மாரியில்தான். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் வறண்ட காற்று அடித்தால் குருத்தே கருகும். பார்த்துவரத்தான் வேண்டுமென்றால் அம்பாந்தோட்டையின் உலர்வலயப் பூங்காவுக்குப் போங்கள். வந்தபின் பகுதிகளைப் பூவின் நிறத்தால் பிரிக்காமல், உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று பார்த்துப் பிரியுங்கள்.

கடலோரப் பகுதியில் முன்னுக்கு அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும், அடுத்துத் தாழை, அதன் மறைவில் புன்னை, பூவரசு. (இராவணன் வெட்டு என்னும் பாறைப்பிளவு உள்ள ஊரில் அவன் மீசைக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லாமலா?)

கண்டல், அதாவது உவர்சேற்று மரங்கள், உள்ள பகுதியில்தான் அதிகம் பிழை நடக்கிறது. இங்கே கடல் ஏறி வற்றும் உயரம் ஒரு மீற்றர்கூட இல்லை. கண்டல் பிடிக்கும் நிலம் ஒடுங்கிய ஒரு பட்டைதான். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் சேற்றில் நட்டால் வேருக்கு மூச்சில்லை, கன்று செத்துப்போகும். மரத்திலேயே முளைவிட்டு, முற்றித் தானாய் விழுந்த முளைக்காய்களையே பொறுக்குங்கள். கூர்முனை கீழே இருக்க, மூன்றிலொரு பங்கு சேற்றில் புதைய, ஒரு மீற்றர் இடைவெளியில் ஊன்றுங்கள். நடைபாதையோரம் தில்லை வேண்டாம்; அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

மூலிகை என்ற ஒரே காரணத்துக்காக வல்லாரையையும் கற்றாழையையும் ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீர் மற்றதை அழுகவைக்கும். வல்லாரை குழாயடி வாய்க்காலோரம், அரைநிழலில் நிற்கட்டும். கற்றாழை, கள்ளி வகைக்கு ஒன்றரை அடி மேடை கட்டி, அடியில் செங்கல் உடைசல், மேலே ஆற்றுமணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு. கடல்மணல் கூடாது, உப்பு. மேடை இல்லாவிட்டால் மார்கழி மழையோடு கள்ளி முடிந்தது.

ஐந்திணைத் தோட்டம் போடும் ஆசை இருந்தால், குறிஞ்சியை விட்டுவிடுங்கள். மலைக்குளிர் இல்லாமல் அது வராது. பாலைத்திணைக்கு உரியதாகப் பலர் சொல்வது வெட்பாலை. நாம் பழம் தின்னும் பாலை வேறு மரம். பலகை எழுதுமுன் இதைக் கவனியுங்கள். பலகையை ஆணியால் அடிக்கவும் வேண்டாம். தண்டு பருக்கப் பருக்கப் பலகையை விழுங்கும். சுருள்கம்பியில் தொங்கவிடுங்கள்.

நடுகை ஐப்பசி முதல் மழையோடு, இரண்டடிக் குழியில். நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் தளிரை விடமாட்டா. ஒவ்வொரு கன்றுக்கும் ஐந்தடிக் கம்பிக்கூடு போடுங்கள்.

வாசலில் சவண்டலை நிற்கட்டும். ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்த, மதராசில் கரையலை கடக்கும் மசூலாப் படகுகளுக்குப் போன மரம் அது. ஆனால் அதன் கீழே வாங்கு போடாதீர்கள். விதையிலுள்ள சுணை உடம்பில் பட்டால் அரிக்கும்.

இப்படிக்கு,
மரம் வளர்ப்போர் சிலர்