விழுந்த இடம்

பிடோக், சிங்கப்பூர்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் கூட வைத்திருந்த படிவமும் வந்து சேர்ந்தன. மூத்தவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததை வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இங்கே அனைவரும் நலம். தேக்காவில் தீபாவளி விளக்குப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்டு வருபவர்களை எழுதி வைக்க உங்கள் மருத்துவமனையில் நீ தொடங்கும் காயப் பதிவேட்டுக்குப் போட்டிருக்கும் படிவத்தில் 62 கேள்விகள். பாதிக்கு மேல் வெட்டு. இரவுப் பணியில் இருப்பவர் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிரப்புவார். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாத் தாளிலும் ஒரே விடை வரும். ரத்த வகை, படிப்பு, மாத வருமானம் எல்லாம் இங்கே எதற்கு? இத்தனை கேட்டும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. "நடந்த இடம்: வீடு / சாலை / பணியிடம் / மற்றவை" என்று நாலு கட்டம் போட்டு நிறுத்திவிட்டாய். "வீடு" என்ற விடையை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்ற முடியாது.

இங்கே அவசரப் பிரிவு மேசையில் நடக்கும் பேச்சையே எடுத்துக்கொள்.

"எங்கே விழுந்தீங்க, அங்கிள்?"

"வீட்டிலதாம்மா."

பெரும்பாலும் இத்தோடு பேனா மூடப்படும். மூடாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்:

"வீட்டில எங்கே?"

"டாய்லெட்ல."

"உள்ளேயா, வாசல்லயா?"

"உள்ளே போகக் காலைத் தூக்கி வைக்கிறப்போ அந்தத் திட்டில இடிச்சு..."

அரை நிமிடம்கூட ஆகாது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கழிவறை வாசலில் ஒரு திட்டு இருக்கும். அதில் தடுக்கினால் வேண்டியது சாய்தளம். உள்ளே ஈரத்தில் வழுக்கினால் தரை ஓட்டுக்கு வழுக்காத பூச்சு. பீடத்திலிருந்து எழும்போது தள்ளாடினால் கைப்பிடிக் கம்பி. எழுந்ததும் கண் இருட்டி விழுந்தவருக்கோ கம்பி மட்டும் போதாது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கியிருந்தால் மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையோ, புரோஸ்டேட்டுக்குக் கொடுத்ததோ காரணமாக இருக்கலாம். ஆக நான்கு விழுதல், நான்கு பரிகாரம். ஏட்டில் மட்டும் நான்கும் "வீட்டில் விழுந்தார்".

அந்தச் சாய்தளம், பூச்சு, கம்பி மூன்றையும் 2012இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில் வீவக போட்டுக் கொடுக்கிறது. வீட்டில் 65 வயதைத் தொட்ட குடிமக்களில் ஒருவர் இருந்தால் போதும். 60 முதல் 64 என்றால் அன்றாட வேலைக்குத் துணை தேவைப்படுபவராக இருக்க வேண்டும். குடும்பம் கட்டுவது, வீட்டு அளவைப் பொறுத்து, செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு. திட்டம் இருக்கிறது, காசும் இருக்கிறது. விழுந்தவர் வீட்டில் எது தேவை என்பதைத்தான் யாராவது எழுதி அனுப்ப வேண்டும். கைப்பிடி இல்லாத வீட்டில் முதியவர் எதைப் பிடிப்பார் என்று நினைக்கிறாய்? துண்டு போடும் கம்பியைத்தான். அது இரண்டு சின்ன ஸ்குரூவில் நிற்பது, ஆளோடு சேர்ந்து கீழே வரும்.

குறியீட்டில் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். நோய்க்கும் காயத்துக்கும் உலகெங்கும் போடும் ஐசிடி-10 குறியீட்டில் டபிள்யூ 01 என்றால் சமதரையில் வழுக்கியோ தடுக்கியோ விழுந்தது, டபிள்யூ 06 கட்டிலிலிருந்து, டபிள்யூ 10 படியில். டபிள்யூ 19 என்றால் "எப்படி விழுந்தார் என்று குறிப்பில்லை". குறியீடு போடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, டாக்டர் எழுதிய தாளைத்தான் பார்க்கிறார். தாளில் "கீழே விழுந்தார், இடது இடுப்பு வலி" என்று மட்டும் இருந்தால் அவர் வேறென்ன போடுவார்? மாதக் கடைசியில் டபிள்யூ 19 எத்தனை என்று எண்ணிப் பார். உங்கள் பதிவேட்டின் காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் அதுதான்.

யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு, "ஐஎஸ்எஸ் 15க்கு மேல்" என்று எழுதியிருக்கிறாய். காயம் எவ்வளவு கடுமை என்று காட்ட சூசன் பேக்கர் குழு 1974இல் கொடுத்த அளவு அது. மோசமாக அடிபட்ட மூன்று உடற்பகுதிகளின் ஏஐஎஸ் எண்களை (ஒவ்வொரு காயத்தின் கடுமைக்கும் தரும் எண்) வர்க்கமாக்கிக் கூட்டுவது, உச்சம் 75. மோட்டார்சைக்கிள் விபத்துக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் தொடை எலும்புக் கழுத்து முறிவுக்கு ஏஐஎஸ் 3. அதன் வர்க்கம் 9. வேறு அடி இல்லையென்றால், பாட்டி ஒருத்தியைப் படுக்கையில் தள்ளிய அந்த முறிவு உன் ஏட்டிலேயே ஏறாது. அளவுகோலை மாற்று: காயத்துக்காக வார்டில் சேர்ந்த எல்லாரும், அவசரப் பிரிவிலேயே இறந்தவர்களும். ஐஎஸ்எஸ் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த 'எந்த இடம்' கேள்வியின் பலத்துக்கு பிரிட்டனின் கார்டிஃப் நகரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஜோனதன் ஷெப்பர்ட், முகத்தாடை அறுவை மருத்துவர். அடிதடியில் தாடை உடைந்து தன்னிடம் வருபவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அவசரப் பிரிவின் வரவேற்பு எழுத்தர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: எந்த மதுக்கூடம், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எதை வைத்து அடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டு அதை போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். 2011இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வுப்படி, வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மாதத்துக்கு ஒரு லட்சம் பேரில் 7 என்பது 5 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஒப்பிட்ட மற்ற 14 நகரங்களில் 5 என்பது 8 ஆனது. அங்கே கேட்டது டாக்டர் அல்ல, எழுத்தர் என்பதைக் கவனி. உங்கள் ஊரிலும் ஓ.பி. சீட்டு எழுதுபவரிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். டாக்டர் வரும்போது நோயாளி வலியில் இருப்பார், டாக்டர் அவசரத்தில் இருப்பார்.

விவரம் கிடைத்ததும் பரிகாரம் தானாகச் சரியாகிவிடும் என்றும் நம்பாதே. குத்துவதற்குக் கண்ணாடிக் குவளை பயன்படுகிறது என்று தெரிந்ததும், சுலபத்தில் உடையாதபடி பதப்படுத்திய குவளை கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். ஷெப்பர்டே அதை மதுக்கூட ஊழியர்களிடம் சோதித்துப் பார்த்தார். காயம் 60 விழுக்காடு கூடியது! பதம் சரியாக ஏறாததால் அந்தக் குவளை சாதாரணக் குவளையைவிடச் சுலபமாக உடைந்தது. முதலில் சோதித்ததால் பிழைத்தார்கள்.

எங்கள் ஊர் உதாரணம் ஜன்னல். "மாடியிலிருந்து ஜன்னல் விழுந்தது" என்பதோடு நின்றிருந்தால், கீழே நடப்பவர்களை ஜாக்கிரதை என்று சொல்லும் சுவரொட்டிதான் மிஞ்சியிருக்கும். கழன்றது எது என்று போய்ப் பார்த்தால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலின் அலுமினிய ரிவெட். நாள்பட அரித்து, தேய்ந்து, விட்டுப்போகும். 2004இல் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போட வேண்டும் என்று சட்டமே வந்தது. மாற்றாத வீட்டுக்காரருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2012இல் பணிப்பெண்கள் ஜன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்ததற்குப் பிறகு வந்த விதியும் இதே சாயல்: கம்பிக்கதவு பூட்டியிருந்து, முதலாளியோ அவர் சார்பில் ஒருவரோ பக்கத்தில் இருந்தால்தான் வெளிப்பக்கம் துடைக்கச் சொல்லலாம். 'கவனமாக இரு' என்ற சொல்லே அதில் இல்லாததுதான் எனக்குப் பிடிக்கும்.

பணியிடக் காயத்தில் வேறொரு பொறி இருக்கிறது. இங்கே முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தால்தான் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும், அல்லது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும். அப்படியொரு கோடு போட்டால் என்ன ஆகும்? விரல் நசுங்கியவருக்கு இரண்டு நாள் எம்சி, மீதிக்கு 'லைட் டியூட்டி' (இலகுவான வேலை) என்று எழுதி வாங்கும் ஆசை முதலாளிக்கு வரும். 2020 செப்டம்பர் 1 முதல், ஒரு நாள் எம்சியோ வெறும் லைட் டியூட்டியோ எதுவானாலும் தெரிவிக்க வேண்டும். விதி மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சிறு காயங்களின் எண்ணிக்கையை ஒரே வரைபடத்தில் போட்டு "விபத்து கூடிவிட்டது" என்பவரிடம் இதைச் சொல். உங்கள் பக்கமும் பார்த்துக்கொள்: தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுவது சாலை விபத்துக்கு. பணம் எந்தப் பெயருக்கு வருகிறதோ அந்தப் பெயரில் காயம் வந்து சேரும்.

விபத்து, அடிதடி நோயாளிகளை எழுதும் ஏஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) புத்தகத்தையே பதிவேடாக்கிவிடலாம் என்ற உன் யோசனை எனக்குச் சரிப்படவில்லை. ஏஆர் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும் என்று ஊருக்கே தெரியும். புருஷன் அடித்தவள் "தவறி விழுந்தேன்" என்றுதான் சொல்வாள். அதுவும் அவனே பக்கத்தில் நின்றால். தனித்தாள் வை, பெயர் வேண்டாம், வரிசை எண் மட்டும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கச் சொல். இங்கே கட்டுமானத் தொழிலாளிக்குப் பதில் சூப்பர்வைசர் விடை சொல்வதும் அதே கதைதான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் மருத்துவமனை ஆளாக இருக்கட்டும்.

இறுதியாக நான் வைக்கச் சொல்வது ஐந்து வரி: எந்த இடம் (அறை, படி, சந்திப்பு, கடை வரை), எத்தனை மணிக்கு நடந்தது, என்ன செய்துகொண்டிருந்தார், எது இடித்தது அல்லது வழுக்கியது, யாராவது செய்ததா. வந்த நேரத்தை நடந்த நேரமாக எழுதிவிடுவார்கள், அதற்குத் தனிக் கட்டம் போடு. கணினியில் போடுவதானால் வீட்டு விலாசம் தானாக 'நடந்த இடத்தில்' போய் உட்காராமல் பார்த்துக்கொள். அச்சடிக்கும் முன் ஐம்பது நோயாளிகளிடம் ஒரு வாரம் ஓட்டிப் பார்.

இப்போதுள்ள ஏஆர் புத்தகத்தின் காலிப் பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு. 'எப்படி நடந்தது' என்ற கட்டம் எத்தனை விரற்கடை அகலம் என்று பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடைதான் என்றால் இரண்டு சொல்தான் எழுதுவார்கள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்